போதும் என்று சொல்ல ஓர் ஆள்

என் ரசம் நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூட அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மிளகு தூக்கல், உப்பு மட்டு, வாசல் கோலத்தில் இடப்பக்க இதழ் சூம்பிவிட்டது, இந்தச் சேலைக்கு அந்த ஜாக்கெட் ஆகவே ஆகாது. மணவறையில் என் பக்கம் குனிந்து அவர் பேசிய முதல் பேச்சே, "பந்தக்காரன் வாழமரத்தக் கோணலாக் கட்டிருக்கான் பாத்தியா?" என்பதுதான். வெட்கப்பட்டுத் தலைகுனியத் தயாராக இருந்த நான் நிமிர்ந்து வாழைமரத்தைப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது.

அவர் பெயர் சுருளிவேல். படம் வரைகிறவர். மதுரை எல்லீஸ் நகரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. இறந்தவர்களைத் திரையில் பேசவைக்கும் கருவிகள் வந்த புதிதில் ஊரே அதன் பின்னால் ஓடியது. அப்புறம் அலுத்துவிட்டது. செத்துப்போன மாமியார் தினமும் சுவரிலிருந்து "சாப்பிட்டியாத்தா" என்று கேட்டால் எந்த மருமகள்தான் தாங்குவாள்? சத்தம் போடாமல் பூமாலைக்குள் அடங்கி இருக்கிற படமே மேல் என்று சனங்கள் திரும்பி வந்தார்கள். முப்பதாம் நாள் படத்திறப்புக்குக் கையால் வரைந்த படம் வைப்பது மறுபடி கௌரவமாகிவிட்டது. எங்களுக்கும் வேலைக்குக் குறைவில்லை.

பட்டறையில் இரண்டு பேர். உச்சந்தலையிலிருந்து நெஞ்சுவரை என் வீட்டுக்காரர் வரைவார். கண் வரவேண்டிய இடத்தை மட்டும் வெறும் கேன்வாஸாக விட்டுவிடுவார். கண் போடுவது அவருடைய சிநேகிதர் இருளப்பண்ணன். அவர் இறந்தவருடைய வீட்டு ஆட்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவார். "ஒங்கப்பாவுக்குக் கோவம் வந்தா எங்க பாப்பாரு?" என்பது மாதிரி எதையாவது கேட்பார். அப்புறம் போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணைப் போடுவார். அதைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண்கள் மறுபடி ஒரு பாட்டம் அழுவார்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. வரைந்தவனே முடிந்தது என்று சொல்லக் கூடாது. மற்றவன் பின்னால் நின்று பார்த்து, "போதும், பிரஷ்ஷ வையி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. சொல்லாதவரை பிரஷ்ஷைக் கீழே வைக்கவும் கூடாது. ஒருமுறை இருளப்பண்ணன் வேண்டுமென்றே சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். இவர் ஒரு மிட்டாய்க்கடை முதலாளியின் மீசையை இரண்டு மணி நேரம் நீவிக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது.

போன ஆடியில் இருளப்பண்ணன் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் சம்சாரம் பஞ்சவர்ணம் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தாறு வயது.

அடக்கம் முடிந்த அன்று பஞ்சவர்ணம் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, முப்பதாம் நாளு படத்த நீங்கதான் போடணும். வேற யாரும் அவரு மொகத்துல கை வைக்கக் கூடாது. எனக்கு அவரத் திரும்பக் காட்டிருங்கண்ணே, அது போதும்."

முகத்தை நாலே நாளில் முடித்துவிட்டார். நெற்றி வரி, வெற்றிலைக் கறை ஏறிய உதடு, கன்னத்து மரு, எல்லாம் அச்சு. கண் மட்டும் வரவில்லை. காலையில் வரைவார், டர்பன்டைன் துணியால் துடைப்பார், மறுபடி வரைவார், மறுபடி துடைப்பார். பத்து நாளில் அந்த இடம் தேய்ந்து நூல் தெரிந்தது. மேலே வெள்ளை பூசிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"போட்டோவப் பாத்து வரைஞ்சா என்னங்க?" என்று கேட்டேன்.

"போட்டோவுல இருக்கறது கண்ணுதான். அவன் பாக்குறது அதுல எங்க இருக்கு?" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இருளப்பண்ணனின் இடது கண் ஒரு நூல் சின்னது. யாரையும் கொஞ்சம் இடுக்கித்தான் பார்ப்பார். நம்மிடம் எதையோ கேட்க வந்து, போகட்டும் என்று விட்டுவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த வீட்டுப் பெண்களோடு ஒப்பிட்டு என்னையும் பஞ்சவர்ணத்தையும் கேலி செய்யும்போதுகூட அந்தக் கண் அப்படித்தான் இருக்கும்.

இருபதாம் நாளுக்கு மேல் அவர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். பிரஷ்ஷோடு நின்றபடியே இருப்பார். கை கேன்வாஸுக்கு ஒரு விரக்கடை தூரத்தில் நின்றுவிடும்.

"ஜெயக்கொடி, இருளப்பன் பின்னாடி நின்னு 'ச்சு'ங்குறான். நான் பிரஷ்ஷ வைக்கவே இல்ல, அதுக்குள்ள 'இது நானில்ல மச்சான்'ங்குறான். நான் என்னதான் செய்யட்டும்?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதார். முப்பதாம் நாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. படம் போனால் போகிறது, இந்த மனிதரும் போய்விடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

மறுநாள் காய்கறிக் கடைக்குப் போகிற வழியில் பஸ் ஒன்றின் முதுகில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். தடையறு மையம். 'கை நிற்கிறதா? நாற்பது நிமிடத்தில் ஓடும்.' வீட்டுக்கு வந்து அவரைச் சட்டையை மாட்டவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை.

டாக்டர் ஷெரினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பொறுமையாகத்தான் சொன்னாள். "பாட்டு எழுதறவங்க, டிசைன் போடறவங்க, எல்லாரும் வர்றாங்கம்மா. கை வேலை செய்யிறதுக்கு முன்னாடியே 'தப்பு'ன்னு சொல்ற ஒரு எடம் மூளைல இருக்கு. நெல்லிக்கா அளவுதான். சிலருக்கு அது ஓயாமக் கத்தும். நாங்க வெளியிலேருந்து ஒலி அலை குடுத்து அதத் தூங்க வைக்கிறோம். கத்தி இல்ல, ரத்தம் இல்ல."

"தூங்குனது எந்திரிக்குமா டாக்டரம்மா?"

"ரெண்டு மூணு வாரத்துல தானா எந்திரிச்சிரும்."

"எந்திரிக்கலன்னா?"

அவள் சிரித்தாள். "எந்திரிக்கலன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து சொல்லலம்மா. மூவாயிரம் பேருக்கு மேல பண்ணிருக்கோம். ஒரு கம்ப்ளைன்ட் கெடையாது. எல்லாரும் பத்துக்குப் பத்து போட்டுட்டுத்தான் போயிருக்காங்க."

மூவாயிரம் பேருமா பொய் சொல்வார்கள் என்று நினைத்தேன். உடன் வந்தவர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் போட்டேன்.

வலது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியை மழித்து, குளிர்ச்சியாக எதையோ தடவி, ஒரு கருவியை வைத்தார்கள். நாற்பது நிமிஷம். வெளியே வந்தவர் வாசல் வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "நல்லாருக்குல்ல?" என்றார். நான் மகிழ்ந்து போனேன். அப்படியே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு தீபம் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை பட்டறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நான் இறங்கிப் போவதற்குள் கண் முடிந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இரண்டும் ஒரே அளவில், பளபளவென்று, நேரே பார்த்துக்கொண்டிருந்தன. காலண்டரில் வருகிற சாமிக்கு வைக்கலாம், அத்தனை லட்சணம். இருளப்பண்ணன் மட்டும் அதில் இல்லை.

அவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். "இங்கேரு ஜெயக்கொடி. அவன் இல்ல. இனிமே நீதான சொல்லணும்? போதுமா?"

இருபத்தேழு வருஷமாக அந்தப் பட்டறையில் நான் டீ வைத்துவிட்டுப் போகிறவள். என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். குளித்து, தலை சீவி, பசிக்கிறது என்கிற முகத்தோடு நின்றார். இல்லை என்று சொன்னால் மறுபடி தரையில் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"போதும். பிரஷ்ஷ வைங்க," என்றேன்.

உடனே வைத்துவிட்டார். பொய் சொன்னது அவர் இல்லை, நான்.

படத்திறப்புக்கு மண்டபம் நிறையச் சனம். துணியை விலக்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். என்ன ஒரு தெளிவு, சாமி படம் மாதிரி இருக்கு என்றார்கள். பஞ்சவர்ணம் மட்டும் அசையாமல் நின்றாள். பந்தி ஆரம்பித்ததும் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மதினி, இது யாரு?"

நான் சாம்பார் வாளியைக் கையில் எடுத்தேன்.

"எனக்கு அவரு வேணும் மதினி. அண்ணன்கிட்டச் சொல்லி மாத்தித் தரச் சொல்லுங்க. இந்தாளு என் வீட்டுச் செவுத்துல இருந்தா நான் சேலகூட மாத்த முடியாது. யாரோ ஒரு ஆம்பள நிக்கற மாதிரி இருக்கு."

மறுநாள் படம் பட்டறைக்கே திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு? இதுல தங்கச்சிக்கு என்ன கொறை?" என்றார். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எடது கண்ணு ஒரு நூல் சின்னதா இருக்கணுங்க. அது உங்களுக்குத் தெரியாததா?"

"போதும்னு நீ சொல்லிட்டியே. இனிமே தொடக் கூடாதுல்ல?"

"நான் சொன்னது பொய்யிங்க. அத நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"பொய்யா? பரவால்ல," என்று சிரித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பஞ்சவர்ணம் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் மாற்றினார். இடது கண்ணைச் சின்னதாக்கினார். ரொம்பச் சின்னதாகிவிட்டது. அதுவும் நல்லாருக்கு என்றார். பெரிசாக்கினார். அதுவும் நல்லாருக்கு. இமையை இறக்கினார், ஏற்றினார். ஒரு பகலில் ஐந்து ஜோடிக் கண்கள். ஒவ்வொன்றையும் ஒரே சந்தோஷத்தோடு காட்டினார். "எது வேணும் தங்கச்சி? எனக்கு அஞ்சும் புடிச்சிருக்கு." பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று ராத்திரிதான் ரசம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் எழுந்து கை கழுவப் போன பிறகு நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்பே போட்டிருக்கவில்லை. இருந்த கலக்கத்தில் மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரமும் போனது. கோலத்தை வேண்டுமென்றே கோணலாகப் போட்டேன். பச்சைச் சேலைக்கு ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவர் முன்னால் மூன்று தடவை நடந்தேன். "நல்லாருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அதைக் கேட்டு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆறாவது வாரம் அவரை மறுபடி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அது எந்திரிக்கல டாக்டரம்மா. எழுப்பிவிடுங்க."

ஷெரின் அவரைப் பார்த்தாள். "சார், உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாருக்கேன். இந்த நாற்காலிகூட நல்லாருக்கு."

"அம்மா, எழுப்பறதுக்கு வழி இருக்கு. ஆனா அவரா கேக்கணும். நல்லா இருக்கேன்னு சொல்ற ஆளோட மூளையில நாங்க கை வைக்க முடியாது. அப்படிப் பண்ணா எங்க லைசன்ஸ் போயிரும்."

அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். "ஏங்க, ஒரே ஒரு வார்த்த. எனக்குச் சரியில்லன்னு சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க."

"இதுக்கா அழுகுற? சொல்லிட்டாப் போச்சு," என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். உள்ளே போய் அவளெதிரில் நின்று, "எனக்குச் சரியில்லம்மா" என்றார்.

"என்ன சார் சரியில்ல?"

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே தேடினார். என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்? கடைசியில், "தெரியலம்மா. தேடிப் பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ஷெரின் மேசைத் திரையைத் திருப்பிக் காட்டினாள். சிகிச்சை முடிந்த அன்றைக்கு அவர் நிரப்பிய படிவம். 'சிகிச்சையில் திருப்தியா?' பத்துக்குப் பத்து. அதற்குக் கீழே வரிசையாக மற்றவர்கள். பத்து, பத்து, பத்து. மூவாயிரம் பேர் ஏன் குறை சொல்ல வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறை சொல்கிற இடத்தைத் தூங்க வைத்துவிட்டு, குறை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். நான் அதைச் சொன்னேன். கத்தியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். அவள் முகமும் ஒரு நிமிஷம் வெளிறித்தான் போனது.

"எனக்குப் புரியுதும்மா. கூட இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்," என்றாள். "அதுக்காக இப்ப அவங்களுக்கும் பண்றோம். நெறைய பேரு வர்றாங்க." ஒரு அட்டையை என் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வயிறெரிந்து பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "கட்டுனவளுக்கும் பண்ணுவாளாம் பஞ்சவர்ணம். எதப் பாத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுத் திரியலாமாம்," என்றேன்.

"சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேனே மதினி. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேனே," என்றாள். தினமும் அவள் சொல்கிறதுதான். நான் தினமும் சொல்கிற ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு அப்போதாவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும்.

படம் பட்டறையில்தான் இருந்தது. அவர் தினமும் புதுக் கண் போடுவார். போட்டுவிட்டுத் திரும்பி, "போதுமா?" என்பார். நான் "இல்லங்க" என்பேன். சளைக்காமல் மறுபடி ஆரம்பிப்பார். எனக்கு ஒரு நப்பாசை. கை எப்போதாவது தன்னால் அந்தப் பார்வையில் போய் விழாதா? விழுந்தால் பார்த்துச் சொல்ல நான் இருக்கிறேனே. அந்தச் சட்டம் ஒன்றைத்தான் அவரிடம் அவர்களால் தூங்க வைக்க முடியவில்லை. நான் சொல்லாதவரை அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்க மாட்டார்.

இன்று காலை பஞ்சவர்ணம் வந்தாள். ஆடிக்கு அப்புறம் அவள் முகம் இத்தனை தெளிவாக இருந்து நான் பார்க்கவில்லை. வாசலில் என் கோணல் கோலத்தைப் பார்த்து, "நல்லாருக்கு மதினி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பட்டறைக்குள் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். பூசிப் பூசி அந்த இடம் இப்போது வீங்கிக் கிடக்கிறது. ஒரு கண் சாம்பல், ஒரு கண் பழுப்பு. எதுவும் எதையும் பார்க்கவில்லை.

"அண்ணே," என்றாள். "அப்படியே அவருதாண்ணே."

"நான்தான் சொன்னேன்ல?" என்று என் வீட்டுக்காரர் பூரித்துப் போனார்.

படத்தைத் தொட்டுக் கும்பிட அவள் குனிந்தபோது தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது. காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மழித்திருந்தது.

"ஒங்களாலதான் மதினி. நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காப்பிதான போட்டுக் குடுத்தேன். அவரும் நல்லாத்தான குடிச்சிட்டுப் படுத்தாரு. படத்த எடுத்துட்டுப் போகட்டுமா?"

என் வீட்டுக்காரர் கையில் பிரஷ்ஷோடு என் பக்கம் திரும்பினார்.

"ஜெயக்கொடி, போதுமா?"

இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இருளப்பண்ணனின் இடது கண் ஒரு நூல் சின்னது. அதை இப்போது இந்த ஊரில் நான் ஒருத்திதான் சொல்ல முடியும். டாக்டர் கொடுத்த அட்டை என் மணிபர்ஸில்தான் இருக்கிறது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.